தம்பி கசோலப் பத்தி கொஞ்சம் விரிவா

பாஸ்கெட்பால் பாக்குறவங்க கிட்ட ஸ்பெயின் பிளேயர் ஒருத்தர் பேரு சொல்லுங்கன்னு கேட்டா பத்துக்கு ஒம்பது பேர் பாவ் கசோல்னுதான் சொல்லுவாங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, அமெரிக்க லீக்கான என்பிஏ-ல லேக்கர்ஸ் டீமுக்காக கோபி பிரையன்ட் கூட சேந்து 2009, 2010-னு அடுத்தடுத்து ரெண்டு டைட்டில் ஜெயிச்சவரு, 2023-ல லேக்கர்ஸ் அவரோட 16-ம் நம்பர் ஜெர்சிய அரங்கத்துல மேல ஏத்தி மாட்டிட்டாங்க, அதே வருஷம் பாஸ்கெட்பால் ஜாம்பவான்கள கௌரவிக்குற ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போயிட்டாரு. ஆனா எனக்கு ரொம்ப நாளா எழுதணும்னு இருக்குறது அவரோட தம்பி மார்க் கசோலப் பத்தி. அண்ணன் அளவுக்கு பாயிண்ட்ஸ் கிடையாது, பெரிய டங்க் வீடியோ கிடையாது, ஆனா அவரு நடுவுல நின்ன டீமுக்கு எதிரா கோல் போடுறது கஷ்டமாயிடும், கூட ஆடுறவன் முன்ன விட நல்லா ஆட ஆரம்பிச்சிடுவான். இது மேட்ச் முடிஞ்சப்புறம் வர்ற நம்பர்ல தெரியாது, மேட்ச்ச உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.

1985 ஜனவரில பார்சிலோனால பொறந்தவரு. அப்பா அம்மா ரெண்டு பேருமே மருத்துவத் துறை, ரெண்டு பேருமே நல்ல உயரம், ரெண்டு பேருமே பாஸ்கெட்பால் ஆடுனவங்க. அண்ணன் பாவுக்கும் தம்பிக்கும் நாலரை வயசு வித்தியாசம். என்பிஏ டீமுங்க புது பிளேயர்ஸ வரிசையா தேர்ந்தெடுக்குற டிராஃப்ட்ல, 2001-ல, பாவ மூணாவது ஆளா எடுத்து அன்னிக்கே மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் டீமுக்கு டிரேட் பண்ணி மாத்தி விட்டாங்க, குடும்பமே கூட அமெரிக்காவுக்கு கிளம்பிடுச்சு. மார்க்குக்கு அப்போ 16 வயசு. மெம்ஃபிஸ்ல லோசான்னு ஒரு தனியார் ஸ்கூல்ல சேந்து ரெண்டு வருஷம் ஆடுனாரு, உடம்பு நல்லா கனமா இருந்ததால "பிக் பர்ரிட்டோ"ன்னு பட்டப்பேர் வேற வச்சிருந்தாங்க, ஆனா தனியார் ஸ்கூல்களோட பிரிவுல டென்னஸி மாநிலத்தோட சிறந்த வீரர் விருது 2003-ல அவருக்குத்தான் கிடைச்சுது. அப்புறம் அமெரிக்க காலேஜ் பக்கம் போகாம திரும்ப பார்சிலோனாவுக்கே வந்து எஃப்சி பார்சிலோனா டீம்ல சேந்துட்டாரு. அங்க மூணு சீசன், பெரும்பாலும் பெஞ்ச்தான்.

அவரோட வாழ்க்கை திரும்புனது 2006-லன்னு நான் சொல்லுவேன். ஜப்பான்ல உலக சாம்பியன்ஷிப், ஸ்பெயின் டீம்ல பெரிய ஆளுங்க இடத்துல ஒரு காலி விழுந்து கடைசி நேரத்துல மார்க்க கூப்பிட்டாங்க, 21 வயசு, சொந்த கிளப்லயே முழுசா ஆடக் கிடைக்காத பையன். செமி ஃபைனல் அர்ஜென்டினா கூட, 75-74-னு ஒரே ஒரு பாயிண்ட்ல ஸ்பெயின் தப்பிச்சுது, ஆனா அந்த மேட்ச்லதான் பாவுக்கு பாதத்துல எலும்பு உடஞ்சு ஃபைனல் ஆட முடியாம போச்சு. டோர்னமென்ட்லயே பெஸ்ட் பிளேயர் இல்லாம ஃபைனல், எதிர்ல கிரீஸ், அவங்க செமி ஃபைனல்ல அமெரிக்காவயே தோக்கடிச்சுட்டு வந்தவங்க, அவங்க கிட்ட ஸ்கோர்ட்சானிட்டிஸ்னு மலை மாதிரி ஒரு சென்டர், அதாவது கூடைக்கு பக்கத்துல ஆடுற பெரிய ஆள், அமெரிக்கக்காரங்களால அவர தடுக்கவே முடியல. அந்த ஆள தடுக்குற பொறுப்புல பெரிய பங்கு மார்க் தலையில விழுந்துச்சு. ஸ்கோர் 70-47. ஆமா, கிரீஸ் மொத்த மேட்ச்லயும் வெறும் 47. நவாரோவும் கார்பஹோசாவும் ஆளுக்கு 20 பாயிண்ட்ஸ் அடிச்சாங்க, பேப்பர்ல அவங்க பேர்தான் வந்துச்சு, நியாயம்தான், ஆனா அண்ணன் ஊன்றுகோலோட பெஞ்ச் பக்கத்துல நிக்க தம்பி உள்ள நின்னு அந்த இடத்த காத்தது எனக்கு அவ்ளோ புடிச்ச விஷயம். கோச் பெப்பு ஹெர்னான்டெஸோட அப்பா அந்த ஃபைனலுக்கு சற்று முன்னாடிதான் இறந்து போயிருந்தாரு, பிளேயர்ஸ் கிட்ட சொல்லாமலேயே அந்த மேட்ச்ச நடத்தி முடிச்சாரு அந்த மனுஷன்.

அந்த கோல்டுக்கு அப்புறம் பார்சிலோனாவ விட்டுட்டு ஜிரோனா போனாரு. பார்சிலோனாலருந்து வடக்க ரொம்ப தூரம் இல்ல, சின்ன ஊரு, சின்ன டீம், ஆனா அங்க முழு நேரம் ஆடக் கிடைச்சுது. ரெண்டே சீசன்ல ஸ்பெயின் லீக்கான ஏசிபி-யோட எம்விபி, அதாவது அந்த சீசனோட சிறந்த வீரர், ஆயிட்டாரு, அது 2008. இந்த வருஷத்த மனசுல வச்சுக்கோங்க, அடுத்து சொல்லப் போறதுக்கு இது முக்கியம்.

2007 டிராஃப்ட்ல லேக்கர்ஸ் அவர 48-வது ஆளா எடுத்து வச்சிருந்தாங்க. 48-வதுன்னா நிறைய பேரு என்பிஏ-ல நிலைக்காமலேயே போயிடுற இடம். 2008 பிப்ரவரி 1, மெம்ஃபிஸ் பாவ் கசோல லேக்கர்ஸுக்கு குடுத்துட்டாங்க, பதிலுக்கு வந்தது க்வாமி பிரவுன், ஜவாரிஸ் க்ரிட்டென்டன், ஏரன் மெக்கி, டிராஃப்ட்ல முதல் ரவுண்ட்ல ஆள் எடுக்குற ரெண்டு வாய்ப்பு, கூடவே மார்க் கசோல என்பிஏ-ல சேத்துக்குற உரிமை. அமெரிக்கா முழுக்க இது பகல் கொள்ளைன்னு பேசுனாங்க, ஸ்பர்ஸ் கோச் போபோவிச் இந்த மாதிரி டிரேட்ட ரத்து பண்ண ஒரு கமிட்டியே வேணும்ங்கற அளவுக்கு கடுப்பாயிட்டாரு. லிஸ்ட்ல தம்பியோட பேரு ஏதோ எண்ணிக்கைக்கு சேத்த மாதிரி கடைசில இருந்துச்சு. அதே வாரத்துல, அதே மாசத்துல, அந்த "எண்ணிக்கைக்கு சேத்த" பையன் ஜிரோனால எம்விபி சீசன் ஆடிட்டு இருந்தாரு! ஐரோப்பால நடக்குற லீக்க யாரும் சீரியஸா பாக்கலங்கறதுதான் விஷயம், பாத்திருந்தா அந்த மாதிரி பேசியிருக்க மாட்டாங்க. ஒரே டிரேட்ல அண்ணனுக்கு பதிலா தம்பின்னு ஆனது இவங்க ரெண்டு பேருக்குத்தான்.

2008 கோடைல பெய்ஜிங் ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கிட்டு அப்படியே மெம்ஃபிஸ் வந்தாரு. அண்ணன் விட்டுட்டுப் போன ஊரு, அதே அரங்கம், ரசிகர்களுக்கு கோவம் வேற. பாவ் இருந்தப்போ கிரிஸ்லீஸ் மூணு தடவ பிளே ஆஃப் (சீசன் கடைசில நடக்குற, முதல்ல நாலு மேட்ச் ஜெயிக்குறவங்க முன்னேறுற சுற்று) போயி, 2004, 2005, 2006, மூணுலயும் நாலுக்கு சைபர், மொத்தம் 12 மேட்ச்சும் தோல்வி. கிளப் வரலாற்றுல ஒரு பிளே ஆஃப் மேட்ச் கூட ஜெயிச்சது கிடையாது. அத உடச்சது 2011 ஏப்ரல்ல, எட்டாவது இடத்துல உள்ள வந்த மெம்ஃபிஸ், முதல் இடத்துல இருந்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ அவங்க ஊர்லயே முதல் மேட்ச்ல 101-98-னு சாச்சாங்க, மார்க் 24 பாயிண்ட்ஸ், போட்ட பத்து ஷாட்ல ஒம்பது உள்ள. அந்த சீரிஸ 4-2-ன்னு ஜெயிச்சாங்க. டிரேட்டப் பாத்து கடுப்பான அதே போபோவிச்சோட டீம்ங்கறத நான் சொல்லித்தான் ஆகணும்.

அந்த டீமுக்கு "கிரிட் அண்ட் கிரைண்ட்"னு பேர் வந்துச்சு. சாக் ராண்டால்ஃப், டோனி ஆலன், மைக் கான்லி, மார்க். நாலு பேரும் நாலு விதம். லீக் முழுக்க வேகமா ஓடி த்ரீ பாயிண்ட் அடிக்க ஆரம்பிச்ச காலம், இவங்க மட்டும் மெதுவா ஆடி, முட்டி மோதி, எதிராளிய மூச்சு விட விடாம பண்ணுவாங்க. 2012-13 சீசன்ல 56 மேட்ச் ஜெயிச்சாங்க, லீக்லயே கம்மியா பாயிண்ட்ஸ் விட்டது அவங்கதான், சராசரி 90-க்கும் கீழ, இன்னிக்கு 115, 120-ன்னு அடிக்குற காலத்துல இத சொன்னா நம்பவே மாட்டாங்க. அந்த வருஷம் லீக்கோட சிறந்த தடுப்பு வீரருக்கான டிஃபென்சிவ் பிளேயர் ஆஃப் த இயர் விருது மார்க்குக்கு, ஐரோப்பாலருந்து அத வாங்குன முதல் ஆள் அவருதான்.

இந்த டிஃபென்ஸ் விஷயத்த கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இங்கதான் அவரோட முழு திறமையும் இருக்கு. சென்டர்னா நாம எதிர்பாக்குறது எகிறி பந்த தட்டி விடுறவர. மார்க் எகிறவே மாட்டாரு, எகிறவும் முடியாது, ஏழடி உயரம், கனமான உடம்பு, வேகமும் பெருசா இல்ல. விருது வாங்குன அந்த சீசன்ல கூட அவரோட பிளாக் (ஷாட்ட தட்டி விடுறது) சராசரி ரெண்டைத் தாண்டல, ரீபவுண்டும் (தவறுன ஷாட்ட புடிக்குறது) எட்டுக்குள்ளதான். பின்ன எப்படி? பிக் அண்ட் ரோல்னு ஒண்ணு இருக்கு, என்பிஏ-ல பாதி ஆட்டம் அதுதான், ஒரு பெரிய ஆள் வந்து, பந்து வச்சிருக்குற கார்டுக்கு திரை போட்டு, அதாவது அவர துரத்துறவர வழி மறிச்சு, நிப்பாரு, கார்டு அந்த திரைய சுத்தி உள்ள ஓடுவாரு, இப்போ டிஃபென்ஸ் பண்ற சென்டர் ஒரே நேரத்துல ரெண்டு பேர பாக்கணும், பந்து வச்சிருக்குறவரையும் பாக்கணும், கூடைக்கு ஓடுறவரையும் பாக்கணும். நிறைய பேரு இங்க அவசரப்பட்டு ஒருத்தர் மேல பாஞ்சுடுவாங்க, இன்னொருத்தர் ஃப்ரீ ஆயிடுவாரு. மார்க் பாய மாட்டாரு. சரியா நடுவுல, ரெண்டு பேருக்கும் கை எட்டுற தூரத்துல, பின்னாடி பின்னாடி நகர்ந்து வந்து, கார்டு முடிவு எடுக்க முடியாம தயங்குற அந்த ஒரு செகண்டுக்காக காத்திருப்பாரு. அதுக்குள்ள கான்லியோ ஆலனோ திரைய தாண்டி திரும்ப வந்துடுவாங்க. கூடவே வாய் ஓயாது, யாரு எங்க போகணும், எந்தப் பக்கத்துலருந்து திரை வருது, எல்லாத்தையும் பின்னாடியிலருந்து கத்திட்டே இருப்பாரு, எதிர் டீம் என்ன ஆட்டம் ஆடப் போறாங்கன்னு அவங்க ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிடுவாரு. சதுரங்கம் ஆடுறவன் மாதிரின்னு சொன்னா மிகையில்ல. இதுல எதுக்கும் புள்ளிவிவரத்துல ஒரு கட்டம் கிடையாது. அந்த வருஷம் கோச்சுங்க ஓட்டு போட்ட, சிறந்த தடுப்பு வீரர்கள் பட்டியலான ஆல் டிஃபென்ஸ் டீம்ல அவரு ரெண்டாவது டீம்லதான் வந்தாரு, விருது குடுத்தது பத்திரிகைக்காரங்க ஓட்டு. ஒரே ஆளு லீக்லயே நம்பர் ஒன்னு ஒரு லிஸ்ட்ல, ரெண்டாவது டீம்னு இன்னொரு லிஸ்ட்ல. அவர எடை போடுறது அவ்ளோ கஷ்டமா இருந்திருக்கு.

அட்டாக்லயும் இதே கதைதான். ஃப்ரீ த்ரோ கோட்டு ஓரத்துல பந்த வாங்கிட்டு நிப்பாரு, தலைக்கு மேல புடிச்சுட்டு அவசரமே இல்லாம பாப்பாரு, கட் பண்ணி ஓடுற ஆளுக்கு ஒரு பாஸ், இல்லன்னா கீழ ராண்டால்ஃபுக்கு. இன்னிக்கு சென்டர் யோகிச் பண்றத பாத்து எல்லாரும் வாய பொளக்குறோம், நியாயம்தான், ஆனா மெம்ஃபிஸ்ல மார்க் அத ரொம்ப அமைதியா வருஷக்கணக்குல பண்ணிட்டு இருந்தாரு. 30 வயசு தாண்டுனப்புறம், கால் எலும்பு உடஞ்சு சரியாகி வந்தப்புறம், த்ரீ பாயிண்ட் அடிக்க கத்துக்கிட்டாரு பாருங்க, அதுக்கு முன்னாடி எட்டு சீசன்ல விரல் விட்டு எண்ணுற மாதிரி அடிச்சிருந்தவரு 2016-17-ல ஒரே சீசன்ல நூத்துக்கு மேல அடிச்சாரு. அந்த வருஷம் பிளே ஆஃப்ல ஸ்பர்ஸ் கூட நாலாவது மேட்ச், ஓவர்டைம்ல ஒரு செகண்டுக்கும் கம்மியா மிச்சம் இருக்கும்போது கைய தூக்கி ஒரு ஷாட் போட்டு 110-108-னு ஜெயிக்க வச்சாரு, அத இப்போ பாத்தாலும் எனக்கு சிலிர்க்கும்.

நடுவுல 2015 ஆல் ஸ்டார், அதாவது லீக்கோட நட்சத்திர வீரர்கள் கிழக்கு மேற்குன்னு பிரிஞ்சு ஆடுன மேட்ச், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல, கிழக்குக்கு பாவ், மேற்குக்கு மார்க், ஜம்ப் பால்ல அண்ணனும் தம்பியும் எதிரெதிர் நின்னாங்க. ஆல் ஸ்டார்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எதிரெதிர் டீம்ல ஸ்டார்ட் பண்ணது அதுதான் முதல் தடவ. அதே சீசன் முடிவுல மார்க்குக்கு ஆல் என்பிஏ முதல் டீம்ல, அதாவது அந்த சீசனோட சிறந்த அஞ்சு பேர்ல, இடம்.

2018 அவருக்கு மோசமான வருஷம், மெம்ஃபிஸ் 22 மேட்ச்தான் ஜெயிச்சாங்க, டீம் உடஞ்சு போயிடுச்சு. ஆனா அந்த கோடைல அவரு பண்ண ஒரு காரியத்துக்காகவே அவரு மேல மரியாதை கூடிப் போச்சு. ஓபன் ஆர்ம்ஸ்னு ஒரு ஸ்பானிஷ் மீட்பு அமைப்பு, மத்திய தரைக்கடல்ல படகு கவிழ்ந்து தவிக்குற அகதிகள காப்பாத்துறவங்க, அவங்க கப்பல்ல சாதாரண தன்னார்வலரா ஏறிப் போனாரு. லிபியா பக்கத்துல உடஞ்சு கெடந்த ஒரு படகுல ஒரு பெண் உயிரோட இருந்தாங்க, பக்கத்துலயே இன்னொரு பெண்ணும் ஒரு சின்ன குழந்தையும் இறந்து கெடந்தாங்க. அந்தப் பெண்ண தூக்கி காப்பாத்துன குழுவுல மார்க்கும் இருந்தாரு. கோடிக்கணக்குல சம்பளம் வாங்குறவரு, லீவுல எங்க வேணா போயிருக்கலாம், அங்க போனாரு.

2019 பிப்ரவரி 7, டிரேட் டெட்லைன் அன்னிக்கு டொராண்டோ ராப்டர்ஸ் அவர எடுத்தாங்க. பத்து வருஷத்துக்கு மேல இருந்த ஊர விட்டுட்டு போறாரு, 34 வயசு, அங்க போயி அவரு என்னோட டீம்னு சொல்லிக்க முடியாது, அங்க கவாய் லெனர்ட், கைல் லௌரி, சியாகம்லாம் இருக்காங்க. ஷாட்ட கொறச்சுக்கிட்டாரு, சராசரி ஒம்பது பாயிண்ட்ஸ் பக்கம் எறங்கிடுச்சு, அதப் பத்தி ஒரு வார்த்த கிடையாது. பிளே ஆஃப்ல அவருக்கு குடுத்த வேலைய பாருங்க, முதல் ரவுண்ட்ல ஆர்லாண்டோவோட வூச்செவிச், ஆல் ஸ்டார் சென்டர், அவரு அந்த சீரிஸ்ல தவிச்சுப் போயிட்டாரு. ரெண்டாவது ரவுண்ட்ல ஃபிலடெல்பியாவோட ஜோயல் எம்பீட், அவருக்கும் அதே கதி. எல்லாருக்கும் ஞாபகம் இருக்குறது ஏழாவது மேட்ச்ல கவாய் போட்ட பந்து நாலு தடவ ரிம்ல குதிச்சு உள்ள விழுந்தது, மறக்க முடியாததுதான், ஆனா ஒரு பாயிண்ட், ரெண்டு பாயிண்ட்ல நிக்குற அந்த நிலைமைக்கு சீரிஸ கொண்டு வந்ததுல எம்பீட் மேல சாஞ்சு சாஞ்சு நின்ன அந்த பெரிய உடம்புக்கும் பங்கு இருக்கு. அடுத்த நவம்பர்ல இதே எம்பீட் டொராண்டோவுல மார்க்குக்கு எதிரா 11 ஷாட் போட்டு ஒண்ணு கூட போகாம, முழு மேட்ச்லயும் சைபர் பாயிண்ட், அவரு கரியர்லயே முதல் தடவ. ஃபைனல்ல கோல்டன் ஸ்டேட்ட 4-2-ன்னு ஜெயிச்சாங்க, முதல் மேட்ச்ல மார்க் 20 பாயிண்ட்ஸ். டொராண்டோ ஊர்வலத்துல பஸ் மேல நின்னு வைன் குடிச்சு கொண்டாடுனது அந்த ஊர்க்காரங்க இன்னிக்கும் பேசுற விஷயம்.

வேற யாரா இருந்தாலும் அந்த கோடைல ரெஸ்ட் எடுத்திருப்பாங்க. அவரு செப்டம்பர்ல சீனா போனாரு உலகக் கோப்பைக்கு. பாவ் காயத்தால இல்ல, 2006 டீம்லருந்து மிச்சம் இருந்தது மார்க்கும் ரூடி ஃபெர்னாண்டஸும் மட்டும், கோச் ஸ்காரியோலோ, அவரு டொராண்டோவுலயும் அசிஸ்டென்ட் கோச்சா இருந்தவரு. ஸ்பெயின யாரும் பெருசா நம்பல. செமி ஃபைனல்ல ஆஸ்திரேலியா கூட ரெண்டு ஓவர்டைம், 95-88, மார்க் 33 பாயிண்ட்ஸ். ஃபைனல்ல அர்ஜென்டினாவ 95-75. எம்விபி ரிக்கி ரூபியோ, அவருக்கு தகுந்ததுதான். ஒரே வருஷத்துல என்பிஏ டைட்டிலும் உலகக் கோப்பையும் ஜெயிச்சது 2010-ல லமார் ஓடம், அப்புறம் மார்க், அவ்ளோதான்.

அப்புறம் லேக்கர்ஸ்ல ஒரு சீசன், அது பெருசா சொல்ற மாதிரி இல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ல அண்ணனோட கடைசியா ஒரு தடவ ஆடி, ரெண்டு பேரும் நேஷனல் டீம விட்டு ஒண்ணா விலகுனாங்க.

இதுக்கப்புறம் அவரு எடுத்த முடிவுதான் எனக்கு எல்லாத்தையும் விட பெருசு. அவருக்கு எம்விபி வாங்கிக் குடுத்த ஜிரோனாவோட பழைய கிளப் 2008-ல பணப் பிரச்சனைல சிதஞ்சு போச்சு. 2014-ல, மெம்ஃபிஸ்ல உச்சத்துல இருக்கும்போதே, அதே ஊர்ல புதுசா பாஸ்கெட் ஜிரோனான்னு ஒரு கிளப்ப மார்க் ஆரம்பிச்சாரு, மொதல்ல சின்னப் பசங்க டீம்களோட. 2021 கடைசில, என்பிஏ சாம்பியன், உலக சாம்பியன் ரெண்டு தடவ, ஸ்பெயினோட ரெண்டாவது டிவிஷன்ல அந்த கிளப் ஜெர்சிய போட்டுட்டு எறங்குனாரு, பிரசிடென்டும் அவரே, சென்டரும் அவரே. அந்த சீசன்லயே டீம் ஏசிபி-க்கு ஏறிடுச்சு. மேல ஏறுனப்புறம் இன்னொரு வருஷம் அங்க ஆடி டீம கீழ எறங்க விடாம பாத்துக்கிட்டாரு. 2024 ஜனவரில ரிடையர்மென்ட் சொன்னாரு, ஏப்ரல்ல மெம்ஃபிஸ் அவரோட 33-ம் நம்பர மேல ஏத்துனாங்க, ராண்டால்ஃபோட 50 ஏற்கனவே அங்க தொங்கிட்டு இருந்துச்சு.

இவரு ஆட்டத்த பாக்காதவங்க யாராவது இத படிச்சா, ஹைலைட்ஸ் வீடியோல ஆரம்பிக்காதீங்க, அதுல அவரு இருக்கவே மாட்டாரு. 2019 ஆஸ்திரேலியா செமி ஃபைனல் முழு மேட்ச்ச தேடி எடுங்க, ஸ்பெயின் டிஃபென்ஸ் பண்ணும்போது பந்த விட்டுட்டு 13-ம் நம்பர மட்டும் பாருங்க, கைய எங்க வச்சிருக்காரு, யார எங்க தள்ளி நிக்கச் சொல்றாரு, எப்போ ஒரு அடி பின்னாடி வைக்குறாருன்னு. நாலாவது குவார்ட்டர்லருந்து பாத்தா கூட போதும், அங்கருந்துதான் அவரு ரெண்டு பக்கமும் ஆட்டத்த கைல எடுக்குறாரு.